அத்தை வீட்டுக் கோணல் கதவுகள்

அத்தை வீட்டுச் சமையலறைக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் எல்லோரும் தலையை லேசாகச் சாய்த்துப் பார்ப்பார்கள். சுவரில் வரிசையாக இருக்கும் அலமாரிக் கதவுகளில் ஒன்று இடப்பக்கம் தொங்கும். அடுத்தது அதன் தோளில் இடித்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது, மூடிய பிறகும் விரல் நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்து வைத்திருக்கும். மேடைக்குக் கீழே இழுப்பறைகள் முன்னும் பின்னுமாக, வரிசையில் நிற்கச் சொன்னால் கேட்காத பிள்ளைகள் மாதிரி இருக்கும். வந்தவர்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு, "பழைய அலமாரி இல்ல... அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்வார்கள்.

"என்ன பண்றது" என்று அத்தை ஒரு பெருமூச்சு விடுவார்.

அந்தப் பெருமூச்சு கலப்படமில்லாத பொய். கதவுகளைக் கோணலாக்கியதே அத்தைதான்.

அத்தை என் அப்பாவின் அக்கா. வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். இரவுப் பணி என்பதால் பகலில் வீட்டில்தான் இருப்பேன். அவருக்கு வீட்டிலேயே தையல் வேலை: திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிச் சீருடை. முன்னறை ஜன்னலோரம் தையல் இயந்திரம். அங்கே உட்கார்ந்தால் தெரு தெரியும், வாசல் தெரியும், வருகிறவர் செருப்பின் தேய்மானம்கூடத் தெரியும். முதுகுக்குப் பின்னால் இருக்கும் சமையலறை மட்டும் தெரியாது. அதனால் சமையலறையை அத்தை காதால் பார்த்தார்.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. அலமாரியைச் சுவரில் மாட்டியவர் மாமா. பெட்டிகளாக வாங்கி வந்ததை, கூட இருந்த விளக்கத்தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "படம் பாத்து மாட்டறதுக்கு நான் என்ன பொம்மையா செய்யறேன்?" என்று சொல்லி மாட்டினார். மாட்டி முடித்தபோது கதவுகள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. மாமா கையைத் தட்டிவிட்டு, "போகப் போகப் படிஞ்சிரும்" என்றார்.

படியவில்லை. அத்தை தையல் இயந்திரத்தோடு வந்த சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினார். கதவைத் திறந்து உள்பக்கக் கீலைப் பார்த்தார். முன்னால் இருக்கிற திருகைத் திருப்பினால் கதவு இடம் வலம் நகர்ந்தது. பின்னால் இருப்பதைத் திருப்பினால் உள்ளே வெளியே போனது. கீலைப் பலகையோடு பிடித்திருக்கும் இரண்டையும் கொஞ்சம் தளர்த்தினால் மேலே கீழே. "அட, சட்டையில தோள் இறக்கமும் இடுப்புப் பிடிப்பும் மாதிரிதானே!" என்று அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு கதவாக நேராக்கிக்கொண்டே வந்து கடைசிக் கதவை மறுநாளைக்கு என்று விட்டுவைத்தார்.

அந்தக் கடைசிக் கதவுதான் எல்லாவற்றுக்கும் காரணம். மாமாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை இருப்பதாக மருத்துவர் சொல்லி, இனிப்பை ஒதுக்கச் சொன்ன சமயம் அது. பிற்பகலில் அத்தை ஒரு திரைச்சீலைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் 'க்ரீச்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், நேராக்காமல் விட்ட ஒரே கதவுக்கு முன்னால் மாமா, இரண்டு கன்னமும் உப்பலாக.

மறுநாள் அத்தை மறுபடி முக்காலியில் ஏறி, நேராக்கியதையெல்லாம் திரும்பக் கோணலாக்கினார்.

வெறும் கோணல் இல்லை, கணக்கான கோணல். பிஸ்கட் இருக்கும் கதவு பக்கத்துக் கதவில் உரசி அழவேண்டும். சர்க்கரை டப்பா இருக்கும் இழுப்பறை பாதி தூரம் சத்தமில்லாமல் வந்து, பிறகு 'டடக்' என்று விக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டால் ஆள் உஷாராகித் திரும்பிவிடுவார். ஜாம் பாட்டில் இருக்கும் கதவு திறக்கும்போது வாயே திறக்காது. மூடும்போதுதான் சட்டத்தில் இடித்து வீடு முழுக்கத் தகவல் சொல்லும். உள்ளே சுலபமாக விடும், வெளியே விடாது.

"வீட்டுல இனிப்பே வாங்காம விட்டுட்டா என்ன அத்தை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"விட்டுப் பாத்தேனே. மனுஷன் கடையில போய்த் தின்னுட்டு வந்தாரு. கடையில தின்னா எனக்கு எப்படிக் கேக்கும்?"

சத்தம் கேட்டதும் அத்தை எழுந்து ஓட மாட்டார். மிதியிலிருந்து கால் எடுப்பார், அவ்வளவுதான். இயந்திரம் நிற்பது மாமாவுக்கும் கேட்கும்.

"ஏங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஆங்... ஆமா, தண்ணி."

"குடிங்க குடிங்க. குடிச்சிட்டுக் கதவைச் சாத்துங்க."

பிஸ்கட் டப்பாவுக்குள் திரும்பிப் போகும் ஓசை கேட்ட பிறகே ஊசி மறுபடி ஓடும். மாமாவோ மரத்தின் மேல் தீராப் பகை வைத்திருந்தார். "இந்த வீட்டு மரத்துக்கு வாய் ஜாஸ்தி. எவனோ வெட்டிப்பேச்சு பேசறவன் வீட்டு வாசல்ல வளர்ந்த மரமா இருக்கும்" என்பார். மனைவி மேல் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் வரவில்லை. அத்தையின் முகம் அப்படி: துணிக்குள் மறைந்துபோன ஊசி மாதிரி, குத்தும்வரை தெரியாது.

மாமா பள்ளி வேன் ஓட்டுகிறவர். வாயால் பேசுவதைவிட ஹாரனில் அதிகம் பேசுவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஹாரன் மாமா. அவருடைய கண்ணில் புரை விழுந்தது. "கண்ணாடியில யாரோ மூச்சு விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு" என்றார். வேன் முதலாளி நல்லவர்தான். ஆனால் பிள்ளைகள் ஏறுகிற வண்டி. பள்ளி விடுமுறை முடிவதற்குள் கண்ணைச் சரிசெய்துகொண்டு மருத்துவச் சான்றோடு வந்தால் வண்டி இவருக்கு, இல்லாவிட்டால் தற்காலிகமாக வைத்திருக்கும் புது ஓட்டுநருக்கே நிரந்தரமாக என்று சொல்லிவிட்டார். கண் மருத்துவரோ சர்க்கரை இறங்காமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார். அடுத்த பரிசோதனையில் இறங்கியிருந்தால் விடுமுறைக்குள்ளேயே அறுவை. இறங்காவிட்டால் வேன் போயிற்று.

மாமா தினமும் காலையில் தெருமுனைக்குப் போய், விடுமுறைச் சிறப்பு வகுப்புக்குத் தன் வேன் போவதை மூடுபனிக் கண்ணோடு பார்த்துவிட்டு வந்து புலம்புவார். "கியரை மாத்தறான் பாரு, மாவு இடிக்கிற மாதிரி." புலம்பி முடித்ததும் சமையலறைப் பக்கம் கால் தானாகப் போகும். வருத்தம் அவருக்குப் பசியாகத்தான் வந்தது.

இந்த நேரத்தில்தான் மருமகள் வந்தாள். அத்தையின் மகனும் அவளும் தங்கள் புது வீடு தயாராகும்வரை இங்கேயே இருப்பதாக ஏற்பாடு. மகன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். அவள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். பாதி நாள் வீட்டில் இருந்தே வேலை. கோணல் எதைக் கண்டாலும் அவளுக்குப் பல் கூசும். சுவரில் மாட்டிய நாட்காட்டியைப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை நேராக்குவாள். சமையலறையில் சாப்பிடும்போது கதவுகளுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

புதிதாகத் திறக்கும் ஒரு தங்கும் விடுதிக்குத் திரைச்சீலை மாட்ட அத்தை ஒருநாள் முழுக்கப் போகவேண்டி வந்தது. அவர் தலை தெருமுனையில் மறைந்ததுமே மருமகள் நேர் பார்க்கும் ரசமட்டமும் இரும்பு அளவுகோலும் எடுத்துவந்தாள்.

"அத்தை பாவம், எத்தனை வருஷமா இந்தக் கதவுகளோட கஷ்டப்படறாங்க. வந்து பாத்து அசந்துடணும்" என்றாள் என்னிடம். சொல்லலாமா வேண்டாமா என்று நான் நாக்கை மடித்துக்கொண்டிருந்தபோதே அவள் முதல் திருகைத் திருப்பிவிட்டாள்.

மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூட நாட்களில் இவ்வளவு கவனமாக அவர் எதையும் கற்றிருக்க மாட்டார்.

"இது எந்தப் பக்கம் திருகறது மருமகளே?"

"இப்படிம்மா... சாரி, இப்படி மாமா. வலது பக்கம் திருகுனா கதவு இந்தப் பக்கம் வரும்."

"ஓஹோ. அப்ப சத்தம்?"

"சத்தமே வராது மாமா."

"சத்தமே வராதா!" என்றார் மாமா. அப்படி ஒரு குரலை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

மாலைக்குள் கதவுகள் எல்லாம் ஒரே கோட்டில் நின்றன. இழுப்பறைகள் ஓடும் சேனல்களில் அவள் மெழுகு தேய்த்தாள். கதவு சட்டத்தைத் தொடும் மூலைகளில் சின்னச் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினாள். எல்லாம் முடிந்தபோது சமையலறை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் போல இருந்தது.

அத்தை வந்தார். பிஸ்கட் கதவைத் திறந்தார். மூடினார். சர்க்கரை இழுப்பறையை இழுத்தார். தள்ளினார். ஜாம் கதவைக் கொஞ்சம் ஓங்கியே அடித்தார். ரப்பர் பொட்டு அதை மெத்தையில் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டது.

"எப்படி இருக்கு அத்தை?"

"நல்லா... இருக்கும்மா."

"பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன. சத்தமே இல்ல பாரு."

"ஆமா அத்தை! துளிகூட இல்ல!"

அத்தையின் தோளுக்குப் பின்னால் மாமா மருமகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த வாரம் வீட்டுக் கருவியில் மாமாவின் விரலைக் குத்திப் பார்த்தபோது எண் ஏறியிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இன்னும் ஏறியிருந்தது. மருத்துவரிடம் போகவேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகள் ஆசை ஆசையாகச் செய்ததைக் குறைசொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை. கட்டிய கணவனைக் கதவு வைத்து வேவு பார்த்தேன் என்று வந்து சில வாரமே ஆன பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ஆகவே மருமகள் குளிக்கப் போன நேரத்தில் அத்தை முக்காலியில் ஏறினார். பிஸ்கட் கதவு பழையபடி அழுதது.

மறுநாள் மருமகள் அதைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. நேராக்கினாள். அடுத்த நாள் அத்தை கோணலாக்கினார். அதற்கடுத்த நாள் அவள் நேராக்கிவிட்டுக் கதவோரம் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டுவைத்தாள். கோடு விலகியிருந்ததும் பயந்துபோய்ச் சாப்பாட்டு மேசையில் புருஷனிடம் சொன்னாள்: "எனக்கு என்னமோ சுவரே இறங்குதோன்னு தோணுது. அஸ்திவாரத்தைக் காட்டணும்."

"வீடு சாயுதாம்மா?" என்று மகன் அத்தையைக் கேட்டான்.

"வீடு எங்கடா சாயுது? பேசாம சாப்பிடு" என்றார் அத்தை, தட்டைவிட்டு நிமிராமல்.

அஸ்திவாரத்தைப் பார்க்க ஆள் வருவதற்கு முன்பே விஷயம் வெளியே வந்தது. குளிக்கப் போனவள் துண்டை மறந்து திரும்பி வந்தாள். அத்தை முக்காலியின் மேல். கையில் திருப்புளி. வாயில், துணி தைக்கிற பழக்கத்தில், ஒரு திருகு.

"அத்தை... நீங்களா?"

அத்தை திருகை வாயிலிருந்து எடுத்தார். "கோடு போட்டுக் கண்டுபிடிக்கிறவகிட்ட எத்தனை நாள் மறைக்கிறது" என்று கீழே இறங்கினார். தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார்: க்ரீச், டடக், தண்ணி குடிக்கிறீங்களா. மருமகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அப்ப நான் பண்ணுனது?"

"என் புருஷனுக்கு நீ எடுத்துக் குடுத்த லைசன்ஸ்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அத்தை! வெக்கமா இருக்கு எனக்கு."

"உனக்கு எதுக்கு வெக்கம்? அதுக்கு அவர் இருக்காரு. அவருக்கே இல்ல."

அன்று பகலில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ரப்பர் பொட்டுகளை மருமகளே உரித்தாள். கோணலாக்குவதிலும் அவளுக்கு அளவு துல்லியம். "இந்தக் கதவையும் கொஞ்சம் சாச்சா, திறக்கறப்ப ஒண்ணு, மூடறப்ப ஒண்ணு, ரெண்டு சத்தம் வரும் அத்தை" என்றாள். அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். மகன் நல்ல இடத்தில்தான் பெண் எடுத்திருக்கிறான் என்ற முடிவுக்கு அவர் வந்தது அந்த நிமிடம்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் சீக்கிரமே பிஸ்கட் கதவு மறுபடி ஊமையானது.

"உனக்குக் கை அரிக்குதாம்மா? ஒருநாள் கோணலைப் பொறுத்துக்க முடியலையா?"

"சத்தியமா நான் தொடல அத்தை."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவசரமாகத் தலையாட்டினேன். எனக்கு ஒரு ஆணிகூட அடிக்கத் தெரியாது என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் முன்னறைப் பக்கம் திரும்பினோம். மாமா சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அலாரக் கடிகாரத்தைப் போல அத்தனை சீரான குறட்டை.

பிஸ்கட் கதவைத் திரும்பக் கோணலாக்கி வைத்துவிட்டு, அடுத்த நாள் பிற்பகல் அத்தை குரலை உயர்த்தி, "நாங்க நூல் வாங்கப் போறோம், வர நேரமாகும்!" என்றார். மருமகளும் செருப்பைச் சத்தமாகப் போட்டாள். இருவரும் வாசலைத் தாண்டி, மதிலோரம் நின்றுகொண்டார்கள். ஜன்னல் வழியாக அத்தை என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

மாமா எழுந்தார். சாய்வு நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு திருப்புளி எடுத்தார். வேன் கருவிப்பெட்டியில் இருப்பது, முழங்கை நீளம். முக்காலியில் ஏறிக் கதவைத் திறந்தார். முதலில் சம்பளம், ஒரு பிஸ்கட் வாய்க்குள் போனது. பிறகு வேலை. ஆனால் மூடுபனிக் கண்ணுக்கு முன் திருகும் பின் திருகும் ஒன்றாகத்தான் தெரிந்தன; போனமுறை சரியாக அமைந்தது குருட்டு அதிர்ஷ்டம். மேல் கீலில் பின்னால் இருப்பதைத் திருப்பினார். கதவு அசைந்ததும் நல்ல சகுனம் என்று நினைத்து இன்னும் திருப்பினார். கீழ்க் கீலிலும் அதையே செய்தார். கதவு மெதுவாக, ஓய்வுபெறுகிற அதிகாரி மாதிரி, சட்டத்தை விட்டு முழுசாக வெளியே வந்தது.

அத்தையும் மருமகளும் உள்ளே வந்தபோது மாமா முக்காலியின் மேல், கதவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். இறங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை, வாய் நிறைந்திருந்ததால் பேசவும் முடியவில்லை.

"மாமா, அதை அப்படியே மெதுவா என்கிட்ட குடுங்க" என்றாள் மருமகள். "வாயில இருக்கறதையும்."

அத்தை கத்தவில்லை. மாமாவை இறக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். இந்தமுறை நிஜமான தண்ணீர்.

"ஸ்கூல் திறக்கப்போகுது. உங்க சீட்டுல அவன் உக்காந்திருப்பான், அந்த மாவு இடிக்கிறவன். பிள்ளைங்க அவனை மாமான்னு கூப்பிடும். நீங்க இங்க உக்காந்து திருகிட்டு இருங்க. கதவையெல்லாம் கோணலாக்கி வச்சு நான் பட்ட பாடெல்லாம் வீண்."

மாமாவின் தலை நிமிர்ந்தது. "என்னது? நீதான் கோணலாக்கினியா?"

"பின்ன?"

"இத்தனை வருஷமா நான் மரத்தை இல்ல திட்டிட்டு இருந்தேன்!" என்று மாமா நொந்துபோனார். மடியில் கிடந்த பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டு, வேன் போகிற பாதையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

மருமகள் கதவைத் திரும்ப மாட்டக் கீலைத் தேடினாள்.

"மாட்டாதே" என்றார் அத்தை.

"அத்தை?"

"மிச்சத்தையும் கழட்டு."

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாக் கதவுகளும் கழன்று, தையல் இயந்திரத்துக்குப் பின்னால் அடுக்காக நின்றன. பிஸ்கட்டுகள் ஒரு கண்ணாடி ஜாடிக்கு மாறின. சமையலறை, பல்மருத்துவர் முன்னால் உட்கார்ந்தவர் மாதிரி எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தது. இனிமேல் மாமாவுக்கு ஒரு தடையும் இல்லை என்று நான் நினைத்தேன். அத்தைக்கு மாமாவைத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

மறுநாள் மாமா வந்தார். ஜாடி அவரைப் பார்த்தது. அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். பிடரியைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்து, "எடுக்கறதுக்கே நல்லா இல்லடா. நடுரோட்டுல சட்டையைக் கழட்டற மாதிரி இருக்கு" என்றார். பிறகு நிஜமாகவே தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். திறப்பதற்கு ஒரு கதவும், அதை ஏமாற்ற ஒரு வழியும் இருந்தவரையில்தான் அவருக்கு அந்த பிஸ்கட் இனித்திருக்கிறது. ஜாடியில் மட்டம் குறையவில்லை. கருவியில் எண் குறைந்தது. தெருமுனைப் புலம்பல் மட்டும் குறையவில்லை. அதற்கு மருந்து வேன்தான்.

பரிசோதனை நாளில் எல்லோரும் போனோம். கண் மருத்துவர் தாளைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பரவாயில்லையே, நல்லா இறங்கியிருக்கு. அடுத்த வாரமே வச்சுக்கலாம். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள நீங்க வண்டி எடுத்துடலாம்."

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வையாக இருக்க வாய்ப்பில்லை, அந்த அறையில் அவ்வளவு குளிர்.

"என்ன பண்ணுனீங்க?" என்றார் மருத்துவர் மாமாவிடம்.

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மனசுதான் டாக்டர். வேணாம்னா வேணாம். அவ்வளவுதான்."

மருமகளுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

"இதை வெளிய காத்திருக்கறவங்ககிட்டயும் கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா யாரும் கேக்கறதில்ல" என்றார் மருத்துவர்.

இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளிக்கூடத்தின் நடுவில் நின்று மாமா மனக்கட்டுப்பாட்டைப் பற்றி ஆரம்பித்தார். நாக்கு நமக்கு வேலைக்காரனா முதலாளியா என்று கேட்டார். வரிசையில் இருந்த ஆண்கள் தங்கள் நாக்கை நினைத்துத் தலைகுனிந்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, குனிந்த தலைகளில் ஒன்றைக் கண்ணால் காட்டி, "எங்க வீட்டுக்காரர். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே போச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நிஜமாவே உங்க வீட்டுக்காரர் மனசாலதான் நிறுத்துனாரா?" என்று கேட்டார்.

 அத்தை, மாமாவின் காதில் விழாதபடி தன் நாற்காலியை அந்தப் பெண்மணி பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"அதை விடுங்க" என்றார். "உங்க சமையலறை அலமாரிக்குக் கதவு இருக்கா?"